தெற்கே ஒரு கங்கோத்ரி

எங்க ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரம் பக்கம், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கு. 'புள்'னா பறவை. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம்னு தலபுராணம். ஆனா இதே கதையை புள்ளபூதங்குடியும் சொல்லும், புள்ளிருக்குவேளூரும் சொல்லும். "அப்போ எதுதான் ஒரிஜினல்?"னு சின்ன வயசுல கேட்டுட்டே இருப்பேன்.

இன்னைக்கு எபிசோடும் அப்படி ரெண்டு இடத்துல இருக்கிற ஒரு பேரைப் பத்திதான். ஒண்ணு இமயமலையில, இன்னொண்ணு அண்டார்டிகாவில.

கிழக்கு அண்டார்டிகாவில் ஷிர்மாக்கர் பாலைச்சோலைன்னு ஒரு இடம். சுமார் 35 சதுர கிலோமீட்டர், பனி மூடாத பாறைத் தரை, நடுநடுவே ஏரிகள். 1938-39 ஜெர்மன் பயணத்தில் வானத்திலிருந்து அதைப் பார்த்த விமானியோட பேர்தான் அதுக்கு. தெற்கே இருக்கிற பெரிய பனிவிரிப்பிலிருந்து ஒரு பனிநாக்கு இந்தப் பாறைமேல் ஏறி நிக்குது. 1982-83இல் போன இரண்டாவது இந்தியக் குழு அதை அடையாளம் கண்டது. கங்கை பிறக்கிற பனியாற்றோட பேரையே எடுத்து, 'தட்சிண கங்கோத்ரி'ன்னு வெச்சாங்க.

கங்கையைத் தெற்கே கொண்டுவர்றது நமக்குப் புதுசில்லை. ராஜேந்திர சோழன் அந்தத் தண்ணியை வரவழைச்சு சோழகங்கம் ஏரியே வெட்டினான். அது வெற்றிச் சின்னம். இங்கே கதை வேற. 1959 அண்டார்டிகா ஒப்பந்தப்படி புதுசா யாரும் அங்கே நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. இந்தியா 1983இல் அதில் சேர்ந்தது. பேர் வைக்கலாம், பட்டா கிடையாது.

அப்போ பேர் வெச்சு என்ன பிரயோஜனம்?

அதே பேர்ல 1983-84இல் பனித்தட்டு மேல ஒரு ஆய்வு நிலையம் கட்டினோம். சில வருஷத்துலயே பனி அதை மூடிடுச்சு. 1989இல் மைத்ரி நிலையத்தைப் பாறைத் தரைக்கு மாத்திக் கட்ட வேண்டியதாச்சு. கட்டடம் போச்சு. ஆனா அந்தப் பனியாறு இருக்கு. அதோட நுனி எங்கே நிக்குதுன்னு 1983இலிருந்து நம்ம புவியியல் ஆய்வாளர்கள் அளந்துட்டே வர்றாங்க. 2005இல் அது சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாச்சு. அனுமதி இல்லாம உள்ளே போக முடியாது.

அளந்ததுல தெரிஞ்சது: நுனி பின்வாங்குது. வடக்கே கோமுகத்திலும் அதே கதைதான். ரெண்டு கங்கோத்ரிக்கும் இப்போ பேர் மட்டும் பொது இல்லை.

அதனால, எது ஒரிஜினல்னு நான் இப்போ கேக்கறதில்லை. பேர் வெச்ச இடத்தை யார் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கறாங்கன்னுதான் கேக்கறேன். உங்க ஊர்ப் பேருக்குப் பின்னாடி என்ன கதைன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.