நேச எண்களும் ஒரு பகா எண்ணும்

அரபுக் கணித நூல்களில் ‘அல்அஃதாதுல் முதஹாப்பா’ என்றொரு தொடர் உண்டு. ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்பது அதன் பொருள். 220-ஐ மீதமின்றி வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் 284 வரும். 284-க்கு அவ்வாறே செய்தால் 220 வரும். பண்டைய கிரேக்கர் அறிந்திருந்தது இந்த ஓர் இணையே.

பிற இணைகளைக் காணும் விதியை வகுத்து, அதை நிறுவியும் காட்டியவர், கி.பி. 901-இல் மறைந்த ஸாபித் இப்னு குர்ரா. 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் வரிசையில், 4 முதலாக ஓரெண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் மும்மடங்கில் ஒன்று குறைப்பது முதலெண். அதன் பாதியின் மும்மடங்கில் ஒன்று குறைப்பது இரண்டாமெண். அவ்வெண்ணையும் அதன் பாதியையும் ஒன்பதையும் பெருக்கி ஒன்று குறைப்பது மூன்றாமெண். இம்மூன்றும் பகா எண்களாயின், எடுத்த எண்ணை முதலிரண்டாலும் பெருக்கிவரும் தொகையும், மூன்றாவதால் பெருக்கிவரும் தொகையும் நேச எண்களாம். 4-ஐ எடுத்தால் 11, 5, 71 கிடைக்கும்; அவற்றால் 220, 284 பிறக்கும்.

8-ஐ எடுத்தால் 23, 11, 287 வரும். 287 பார்வைக்குப் பகா எண் போலவே தோன்றும். ஆனால் அது 7-ஐ 41-ஆல் பெருக்கிய தொகை. விளைவு யாது? 2024 தன் நேசத்தை 2296-க்கு அளிக்கிறது. 2296-ஓ 2744-ஐ நாடிச் சென்றுவிடுகிறது! மறைந்து நின்ற ஈரெண்கள் உறவையே முறித்துவிட்டன.

1300-ஐ ஒட்டி வாழ்ந்த பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ, 16-ஐக் கொண்டு 17296, 18416 என்னும் இணையைக் கண்டார். 1636-இல் அதனையே பிரான்சு நாட்டு ஃபெர்மா அறிவித்தார். 1638-இல் தெக்கார்த், 128-ஐக் கொண்டு 9363584, 9437056 என்னும் இணையை வெளியிட்டார். இந்த இணை 73727 என்னும் பகா எண்ணைச் சார்ந்து நிற்கிறது. அது பகா எண்தானா என்றறிய, 2 முதல் 271 வரையுள்ள 58 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கலாம். ஒன்றேனும் மீதமின்றி வகுத்திருந்தால் அந்த நேசமும் பொய்த்திருக்கும்.

நம் மேடைகளில் ஸாபித்தை முஸ்லிம் அறிஞரென்று கூறுவோர் உளர். அவர் ஹர்ரான் நகரத்து ஸாபியீ சமயத்தவர். அவரைப் பக்தாதுக்கு அழைத்து வந்தவர் முஹம்மத் இப்னு மூஸா; அருகிருத்திச் சிறப்பித்தவர் கலீஃபா அல்முஃததித். பிற சமயத்தவரின் அறிவையும் போற்றி வளர்த்த சமுதாயம் அது என்னும் உண்மையே நமக்குப் போதிய பெருமையன்றோ? 287-ஐச் சோதியாமல் ஏற்பவரின் கணக்குப் பிழைப்பதுபோல, சோதியாமல் பேசும் வரலாறும் பிழைபடும். நம் பிள்ளைகளுக்கு முன்னோரின் பெயர்களைச் சொல்லிக்கொடுக்குமுன் அவற்றையும் வகுத்துப் பார்த்துக்கொள்வோமாக.