திருச்சி என்றொரு கடலடுக்கு

புத்தூரில் அஸ்திவாரம் தோண்டினால் வருவது காவிரியும் உய்யக்கொண்டானும் கொண்டுவந்த மண். மலைக்கோட்டையைத் தாங்குவதோ உயிர்ச்சுவடே இல்லாத பழம்பாறை. இரண்டிலும் கடலின் வாசனை கிடையாது. ஆனால் உலக நிலவியலாருக்கு ‘டிரிச்சினாபோலி’ என்றால் ஒரு கடலடுக்கு! அதைக் காண கருடமங்கலம் பக்கம் போகவேண்டும். சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல் அங்கே கிடக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு இந்த நிலத்தை அளந்து வரைந்து 1862-இல் வெளியிட்டார். (பிற்பாடு இந்திய வானிலைத் துறைக்குத் தலைவரானவரும் இவரே. மண்ணைப் பார்த்து முடித்து வானத்தைப் பார்க்கப் போய்விட்டார்!) ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக அவர் பிரித்தார். அடுக்குகள் கிழக்கே மெல்லச் சரிவதால், ஊட்டத்தூரிலிருந்து அரியலூர் நோக்கி நடப்பவர் சுமார் 10 கோடி ஆண்டுப் பழமையிலிருந்து 7 கோடிக்கு இறங்கி வருகிறார்.

சிக்கல் புதுச்சேரியில்தான். அரியலூர், விருத்தாசலம், புதுச்சேரி என இதே காலப் பாறைகள் மூன்று திட்டுகளாகத் தலைகாட்டுகின்றன. இடைவெளியைக் கடலூர் மணற்கல்லும் ஆற்று வண்டலும் மூடிவிட்டன. அடுக்கின் எல்லைக் கோட்டைத் தொடர்ந்து நடக்க வழியில்லை. 1846-இல் லண்டனில் இருந்தபடியே, இங்கிருந்து அனுப்பிவைத்த புதைபடிவ ஓடுகளை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், புதுச்சேரிப் படிவுகளே மற்றவற்றைவிட மூத்தவை என்றார். அரை நூற்றாண்டு கழித்து ஃபிரான்ஸ் கோஸ்மாட் அதைப் புரட்டிப் போட்டார்: புதுச்சேரித் திட்டின் வழுதாவூர்ப் படிவுகள் அரியலூர்க் காலத்தவை, ஊட்டத்தூருக்கு இளையவை.

சாட்சி சொன்னது அம்மோனைட். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சக்கரம் அதன் உறவுதான். இந்தக் கடலுயிர் வெகுதூரம் பரவியது, இனம் விட்டு இனம் விரைவாக மாறியது. ஆகவே ஓரின ஓடு இரண்டு ஊர்களில் கிடைத்தால் அந்த அடுக்குகள் ஏறத்தாழ ஒரே காலத்தவை. களிமண், மணற்கல் என்று பாறையின் சாயலை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்; ஒரே நாளில் கரையில் மணலும் ஆழத்தில் சேறும் படியும் அல்லவா? மடகாஸ்கரையும் தென்னாப்பிரிக்காவையும் நம் ஊட்டத்தூரோடும் அரியலூரோடும் ஒப்பிட முடிந்தது இந்த ஓடுகளால்தான்.

இந்த ஓடுகளைத் தேடிக் காரை ஊர் ஓடைகளுக்குச் செல்லும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகாக இருக்கிறதென்று ஓட்டைப் பெயர்த்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாத ஓட்டைக் கொண்டு எந்த நிலவியலாளரும் எதையும் நிறுவ முடியாது.