அரசரை எழுப்பாமல் வைத்த பெயர்



2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியில் நம் விசுவநாதன் ஆனந்தை வென்றவர் நினைவிருக்கிறாரா? நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன். 'மாக்னஸ்' என்பது அந்நாட்டு மொழிச் சொல் அல்ல; 'பெரிய' என்று பொருள்படும் இலத்தீன் சொல். அது பெயராக அங்கே வேரூன்றியது ஓர் அவசரத் திருமுழுக்கினால்தான்.

ஏறத்தாழ 1024-ஆம் ஆண்டு. இன்று புனிதராகப் போற்றப்படும் ஓலாவ் அப்போது நார்வேயின் அரசர். அரண்மனைப் பணிப்பெண் ஆல்ஃபில்டு, ஓர் இரவில் அவருடைய மகனைப் பெற்றெடுத்தாள். ஆம், அரசியின் மகன் அல்லன். வரலாறு அதை மறைக்கவில்லை. குழந்தைக்கு உயிர் இருப்பதே சந்தேகமாக இருந்தது. உடனே அரசரிடம் சொல்லும்படி குருவானவர் சிக்வாத் என்ற ஐஸ்லாந்துக் கவிஞரைக் கேட்டார். தாமாக விழிக்கும்வரை எழுப்பக்கூடாது என்பது அரச கட்டளை. "திருமுழுக்குக் கொடுங்கள், பெயரை நான் வைக்கிறேன், பழி என்மேல் வரட்டும்" என்றார் சிக்வாத்.

காலையில் அரசர் கொதித்தார். நம் குலத்தில் இல்லாத பெயரை ஏன் வைத்தாய்? சிக்வாத் அஞ்சவில்லை. குழந்தை திருமுழுக்கின்றி இறந்திருந்தால் அலகைக்கு உரியதாகியிருக்கும். தம் உயிர் போனாலும் கடவுளுக்கு இருவர் கிடைப்பார்கள் என்று கணக்கு வைத்தாராம். அக்கால மக்களின் நம்பிக்கை அது. பெயரோ, உலகிலேயே சிறந்த மனிதர் என்று தாம் கருதிய பேரரசர் 'கார்லா மாக்னஸ்' நினைவாக வைத்தது. சார்லஸ் என்பதே அப்பேரரசரின் பெயர். 'மாக்னஸ்' வெறும் அடைமொழி, 'மகா அலெக்சாந்தர்' என்பதில் வரும் 'மகா'வைப் போல! அடைமொழி பெயராகிவிட்டது. அரசரும் மனம் குளிர்ந்தார்.

13-ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய அரசர் வரலாற்றில் இதைக் காண்கிறோம். பின்னர் நார்வேயில் மட்டும் மேலும் ஆறு அரசர்கள் அப்பெயரைத் தாங்கினார்கள்.

சிக்வாத்தின் பொறுப்பு அந்த இரவோடு முடியவில்லை. 1030-இல் ஸ்டிக்லஸ்தாட் போரில் ஓலாவ் சொந்த நாட்டாராலேயே கொல்லப்பட்டார். 1035-இல், பதினோரு வயதளவில், மாக்னஸ் அரசரானார். பின்னர் தந்தையை எதிர்த்த குடியானவர்களைப் பழிவாங்கத் தொடங்கினார். எவரும் வாய் திறக்கத் தயங்கியபோது, சிக்வாத் அரசர் முன் நின்று ஒளிவுமறைவின்றிப் பாடிக் கண்டித்தார். இளம் அரசர் கேட்டுக்கொண்டார், பழிவாங்குவதை நிறுத்தினார். அதன்பிறகே மக்கள் அவரை 'நல்ல மாக்னஸ்' என்று அழைத்தார்கள்.