படுக்கைப்புண்ணும் தலைவிதியும்

முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களை முற்காலத்தில் மாய்த்தது பெரும்பாலும் அம்முறிவன்று. பின்னர் வந்த படுக்கைப்புண்ணும் சிறுநீர் வழி ஏறிய நஞ்சுமேயாம். இப்புண்ணைக் கர்மவினை என்போர் நம்மவருள் உண்டு. நம்மவர் மட்டுமா? பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்கோ 1870-களில் அதையே விஞ்ஞானப் பெயரிட்டுச் சொன்னார். நரம்பு கெட்டமையால் தசை தானே அழுகுகிறது, அது மரணத்தின் முன்னறிகுறி என்பது அவர் கொள்கை. முன்னறிகுறியைத் தடுக்க முயல்வார் யார்?

வியப்பு யாதெனில், சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரௌன் செக்கார் என்பவர், முதுகுத்தண்டு அறுபட்ட கினிப்பன்றிகளை அழுத்தமும் ஈரமும் படாது காத்து, புண் வராமையைக் காட்டியிருந்தார். பெரியவர் சொல்லின் முன் அச்சோதனை எடுபடவில்லை. பெரியவர் வாக்கை வேதமாக்கும் வழக்கம் மேனாட்டிலும் உண்டு போலும்!

உண்மை எளியது. உடற்பாரம் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோலை நசுக்க, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுத் தசை மடிகிறது. நலமுள்ளவனை நோவு உறக்கத்திலும் புரட்டிவிடும். உணர்விழந்தவனுக்கு அக்காவற்காரன் இல்லை. ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் குட்மன், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு நோயாளர் பகுதியைத் தொடங்கி, இரண்டு மணிக்கொருமுறை, இரவும் பகலும், அவர்களைப் புரட்டச் செய்தார். நள்ளிரவில் தாமே வந்தும் பார்ப்பார். விதியை வென்றது மனிதர் கையே.

வேலூரில் பால் பிராண்டு குட்டநோயாளர் புண்ணுக்கும் இதே காரணத்தைக் கண்டார்: நோவு அறியாமையே. அங்குப் பணிசெய்த மேரி வர்கீஸ் 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களிழந்தார் போலானார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே குட்டநோயாளர் கைகளுக்கு அறுவை செய்தார். 1963-இல் மறுவாழ்வு மருத்துவத் துறையையும் 1966-இல் நோயாளர் தங்கிப் பயிலும் நிலையத்தையும் அமைத்தார்.

மருத்துவமனையில் முறை வைத்துப் புரட்டுவோர் உண்டு, வீடு திரும்பியபின்? இங்கே தோ பாயோவின் பழைய அடுக்குமாடிகளில் முன்னர் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்பதில்லை. 2001 முதல் அரசாங்கம் அவற்றை மாற்றியமைத்தது. வெளியே செல்ல வழி பிறந்தது, நன்று. இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் புரட்டும் கை யாருடையது? கைவலு உள்ளவர் பகலில் நாற்காலியில் தம்மைத் தாமே உயர்த்திக்கொள்வார், கண்ணாடி பிடித்துத் தம் தோலையும் பார்ப்பார். கழுத்தெலும்பு முறிந்தவருக்கு அது இயலாது. அவ்வேலை பெரும்பாலும் மனைவியின்மேல் விழுகிறது; பத்தினி தர்மம் என்று புகழ்ந்துவிட்டு உறவினர் உறங்கப் போகின்றனர். அவளும் காலையில் வேலைக்குச் செல்ல வேண்டியவள். வாரத்தில் இரண்டிரவாவது மைத்துனனோ மகனோ அக்கடிகாரத்தை ஏற்கலாகாதா?