தோட்டத்து ஏடுகளும் படிக்கும் பொறியும்

பேராக் மாநிலத்தில் இரப்பர் வேரூன்றிய கதையை எழுதப் புகுவோர் 1877ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். பேராக்கின் ரெசிடெண்டாக விளங்கிய ஹியூ லோ அவ்வாண்டில் கோலாகங்சாரில் இரப்பர் கன்றுகளை நட்டார். பத்து காஜாவுக்கு அருகே முற்றுப்பெறாமல் நிற்கும் கெல்லி மாளிகையைக் காணச் செல்வோர் வில்லியம் கெல்லி சுமித்தின் கதையைக் கேட்டுத் திரும்புவர். கன்று நட்டவர் பெயரும் மாளிகை எழுப்பியவர் பெயரும் நிலைத்துவிட்டன. காடழித்துப் பால்மரம் சீவியோர் பெயரும், கல்லும் மண்ணும் சுமந்தோர் பெயரும் எங்கே?

அவை அடியோடு அழிந்துபோகவில்லை. தோட்டத்துச் செக்ரோல்களிலும், கோயில் வரவு செலவுக் கணக்குகளிலும், பிறப்புப் பத்திரங்களிலும், ஊரிலிருந்து வந்த கடிதங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோதும், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தகரப் பெட்டியில் எடுத்துச் சென்ற தாள்களே இன்று எஞ்சியிருக்கும் சான்றுகள். அத்தாள்களைப் படித்தெடுக்கச் செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய பொறி இப்போது வந்துள்ளது.

அத்தாள்களில் பெயர்கள் ஏறிய முறையை முதலில் அறிதல் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் திரட்டும் முறை 1938இல் இந்திய அரசு விதித்த தடைவரை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர் பினாங்கில் இறங்கினர். ஜெரெஜாக் தீவில் தொற்றுத் தடுப்புக் காவலில் தங்கிப் பின் தோட்டம் சேர்ந்தோர் பலர். ஒவ்வொரு நிலையிலும் ஓர் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். துறைமுகத்தில் ஒரு வடிவம், கிராணியார் கையில் வேறு வடிவம், அடையாள அட்டையில் மற்றொரு வடிவம் என ஒரே மனிதர் மூன்று பெயர்களில் வாழ்ந்தார். நாடு விடுதலை பெற்ற 1957க்குப் பின் குடியுரிமை கோரியோருக்கு இவ்வேறுபாடு இடராயிற்று. 2011இல் அரசாங்கம் 'மைடஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை நடத்த நேர்ந்ததும் இந்தியச் சமுதாயத்தில் ஆவணமில்லாதோர் எஞ்சியிருந்தமையாலன்றோ! ஆதலின் ஒரு பெயரின் எழுத்து என்பது ஏட்டறிஞரின் ஆராய்ச்சிப் பொருள் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் உரிமையும் அதனோடு பிணைந்துள்ளது.

பொறி எவ்வாறு படிக்கிறது? ஏட்டின் படத்தில் முதலில் வரிகளைப் பிரித்தறிகிறது. பின்னர், மனிதர் முன்பே படித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் கற்ற வடிவங்களோடு ஒப்பிட்டு எழுத்தை ஊகிக்கிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'டிரான்ஸ்கிரிபஸ்' இவ்வகைக் கருவி. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, ஏறத்தாழ 15 கோடி மக்களின் விவரங்களை இத்தகைய பொறியே முதலில் படித்தது. ஆயினும் அதன் வாசிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் தன்னார்வலர்கள் ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினர். நாம் கற்க வேண்டிய பாடம் இதில் உள்ளது.

ஆங்கிலக் கையெழுத்தில் நன்கு பழகிய பொறிக்குத் தமிழ் ஏடு புதிது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. அவ்வடிவங்கள் பின்னர் மலேசியாவிலும் வழக்கிற்கு வந்தன. அதற்கு முந்திய ஏடுகளில் 'லை', 'னை', 'றா' முதலியவை வேறு உருவின. அவசரக் கையெழுத்தில் புள்ளி விடுபடும். தமிழ் எண்ணில் ஒன்று ககரம்போலும் எட்டு அகரம்போலும் தோன்றும். வரவுக்கும் பற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. இவற்றை அறியாத பொறி கூலிக் கணக்கைக் கடன் கணக்காக்கிவிடக் கூடும்.

ஆண்டுக் குறிப்பும் அத்தகையதே. 'சித்திரபானு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1942ஆ, 1882ஆ என்பதைக் குடும்ப வரலாறு அறிந்தவரே கூற முடியும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து ஆவணங்களில் 1943ஆம் ஆண்டு 2603 என்றும் குறிக்கப்பட்டது. அதைப் பிழையெனக் கருதித் திருத்திவிட்டால், சயாம் மரண இரயில் பாதைக்குத் தமிழர் கொண்டு செல்லப்பட்ட காலத்தின் தடமே மறைந்துவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடினால் வெள்ளையன், குறைந்தால் வேலையன். தெளியாத இடத்தில் 'தெரியவில்லை' என்னாது, பொருந்துவதாகத் தோன்றும் சொல்லை இட்டு நிரப்புவது இப்பொறியின் பெருங்குறை. அன்றைய எழுத்தர் காதால் கேட்டுப் பிழைசெய்தார். இன்றைய பொறி கண்ணால் கண்டு பிழைசெய்கிறது.

அதனால் பொறியை ஒதுக்குதல் அறிவுடைமையாகாது. நூறு பக்கச் செக்ரோலை ஒருவர் வாரக்கணக்கில் படிக்க வேண்டியிருக்க, பொறி சிறிது நேரத்தில் முதல் வாசிப்பைத் தந்துவிடுகிறது. மூல ஏட்டைத் தெளிவாகப் படமெடுத்துப் பாதுகாத்தல், வரிக்கு வரி உள்ளது உள்ளவாறே பெயர்த்தல், திருத்தத்தை மூலத்தின்மேல் ஏற்றாமல் தனியே குறித்தல், ஐயமான இடத்தில் வினாக்குறி இடுதல் ஆகிய நான்கும் கட்டாயம் வேண்டும். உயிருடன் உள்ளோரின் அடையாள அட்டை எண்களை இணையக் கருவிகளிடம் ஒப்படையாமையும் நன்று.

இவற்றினும் விரைந்து செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. பெரட்டுக் களத்தில் அப்பெயர்களை உரக்கக் கூப்பிடக் கேட்டவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் முதுமையில் இருக்கின்றனர். பொறி தரும் வாசிப்பை அவர்கள் முன் வைத்துப் படித்துக் காட்டினால், 'அது வேலையன் அல்ல, வெள்ளையன். நம் பெரியப்பா' என்று அவர்கள் சொல்லும் ஒரு வார்த்தை எந்த நூலகத்திலும் கிடைக்காது. பொறி ஆண்டுதோறும் திருந்தும். இன்று படியாத ஏட்டை நாளை படிக்கும். முதியோர் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே பெட்டிகள் திறக்கப்படுமாயின், தோட்டங்கள் மறைந்த பின்னும் தோட்டத்து மக்கள் தத்தம் பெயரோடு வரலாற்றில் வாழ்வர்.