தகரத்துக்குக் கீழே வராத படம்

கம்பளையில் எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் அன்டெனா பற்றிக் கேட்டால், முதலில் ஒரு சத்தத்தைத்தான் சொல்லுவார்கள். "இன்னும் கொஞ்சம் திருப்பு... ஆ, வந்துருச்சி! கைய எடுக்காத... போயிருச்சி!" எங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இந்தக் கதைதான் இருக்கிறது. இலங்கைத் தொலைக்காட்சி வரலாறு என்று எழுதப்படுவதில் மட்டும் இந்தச் சத்தம் கேட்பதில்லை.

எழுதப்படுவது இவ்வளவுதான்: 1979 ஏப்ரல் 13இல் ஐடிஎன் தொடங்கியது. அது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயரமான மலையான, 2,524 மீட்டர் உயர பீதுருதாலகாலையின் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம் நின்றது.

கம்பளையிலிருந்து அந்த உச்சி ஆகாய வழியில் சுமார் 30 கிலோமீட்டர்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் படம் ஏன் தடுமாறியது? நுவரெலியா ரோடு ஏறிப்போகும் புசல்லாவை, இறம்பொடை மலைகள்தான் நடுவில் நிற்கின்றன. தொலைக்காட்சி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். மலை மறித்தால் பலவீனமாகிவிடும். பக்கத்து மலையில் பட்டுத் திரும்பும் அலை ஒரு நொடியின் சிறு துளி பிந்தி வரும். அதனால்தான் செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே அவருடைய நிழலும் உட்கார்ந்திருக்கும்.

வசதியுள்ள வீட்டுக் கூரைகளில் மீன்முள் மாதிரி அன்டெனா ஏறியது. 1926இல் ஜப்பானில் உடாவும் யாகியும் வெளியிட்ட வடிவம் அது. வசதி இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டார்கள். 300 ஓம் தட்டை வயரில் ஒரு துண்டு வெட்டி, இரு முனைகளிலும் உள்ள கம்பிகளைச் சீவி முறுக்க வேண்டும். நடுவில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் அறுத்து, அங்கே டிவிக்குப் போகும் வயரைச் சேர்த்துப் பலகையில் ஆணியடித்தால் முடிந்தது. துண்டின் நீளம் அலையில் பாதி இருக்க வேண்டும். 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 1.5 மீட்டர், ஆகவே 75 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டணும். கணக்குத் தெரியாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, படத்தைப் பார்த்தே நீளத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் இந்தப் பலகை டவுனில் உள்ள ஓட்டு வீட்டுக்குள் வேலை செய்யும். தோட்டத்து லயத்தில் செய்யாது. லயத்துக் கூரை தகரம். அலையை அது உள்ளே விடாது. அதனால் காம்பரா ஜன்னலோரமோ வாசல் கம்போதான் அன்டெனாவின் இடம். மின்சாரம் இல்லாத லயங்களில் கார் பெட்டரியில் டிவி ஓடியது. பெட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குத் தூக்கிப் போகணும். இருக்கும் சார்ஜுக்குள் படமும் பிடிபட வேண்டும். எந்தக் கூரைக்குக் கீழே பிறந்தோம் என்பது ஒரு செய்தியைக் கேட்பதிலும் குறுக்கே நின்றது.

இவ்வளவு பாடுபட்டுப் பிடித்த அலையில் என்ன வந்தது? 1983 ஜூலை 28இல், தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்த வாரத்தில், ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் பேசினார். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் அதில் இல்லை. கம்பியைத் திருப்பிப் படத்தைச் சரியாக்கலாம். பேச்சைச் சரியாக்க முடியாது.

1998இல் சக்தி டிவியும் 2009இல் வசந்தமும் வந்தபோது, தமிழுக்கென்றே அலைவரிசைகள் இருந்தன. இன்று அதே தகரத்தின் மேல் டிஷ் நிற்கிறது. பழைய பலகைகள் விறகாகிவிட்டன. கோபுரம் கட்டியவர்களின் பெயர் எங்காவது பதிவாகியிருக்கும். வாசலில் மழையில் நின்று கம்பியைப் பிடித்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. பெரும்பாலும் வீட்டிலேயே சின்னப் பிள்ளைதான் அந்த வேலையைச் செய்திருக்கும்; படத்தைப் பார்க்காத ஒரே ஆளும் அந்தப் பிள்ளைதான். உங்க வீட்டில் அது யார் என்று இந்த வாரம் கேட்டு எழுதி வையுங்க. நாங்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.