தையல் போட்ட இடம்

இசைமேதை பிராம்ஸ் தன் ஓபஸ் 51 நரம்பிசை நால்வர் படைப்புகள் இரண்டையும் தியோடர் பில்ரோத் என்ற நண்பருக்குக் காணிக்கையாக்கினார். நண்பருக்குத் தொழில் அறுவை மருத்துவம். 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில், தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண்ணின் இரைப்பையில் புற்று பிடித்திருந்த கடைப்பகுதியை நீக்கிவிட்டு, மிச்சத்தை முன்சிறுகுடலோடு தைத்தார் பில்ரோத். முன்னர் இதை முயன்ற இருவரின் நோயாளிகளும் சில நாட்களுக்குள் இறந்திருந்தனர். தெரேசா நான்கு மாதங்கள் வாழ்ந்தார். அவரைக் கொன்றது பரவிய புற்று; தையல் அல்ல.

அதே ஆண்டில் பில்ரோத்தின் உதவியாளர் வோல்ஃப்ளர் எளிய வழி ஒன்றைக் கண்டார். எதையும் வெட்டி நீக்காமல், இரைப்பையில் ஒரு துளையிட்டு, கீழேயுள்ள சிறுகுடலை அங்கே இணைத்துவிடுவது. விரைவிலேயே இது வயிற்றுப்புண்ணுக்கான சிகிச்சையாயிற்று. 1899இல் பிரவுன் என்ற ஜெர்மானியர் சங்கடமான செய்தியொன்றை எழுதினார்: இணைப்பை ஒட்டிய குடலில் புதிய புண். அப்புண் இரத்தக்குழாயை அரித்தால் நோயாளி இரத்த வாந்தி எடுப்பார். மலம் தாரைப் போலக் கறுக்கும்.

காரணம் எளியது. முன்சிறுகுடலுக்கு அமிலத்தைத் தணிக்கும் காரநீர் உண்டு. அதற்கப்பால் உள்ள குடல் அமிலத்தையே அறியாதது. அதைக் கொண்டுவந்து இரைப்பையின் வாயில் கட்டினால் என்ன ஆகும்?

ஆகவே அமிலத்தைக் குறைக்க மேலும் வெட்டினார்கள். அதிலும் ஒரு வினோதம். முன்சிறுகுடலை மூடித் தைக்கும்போது இரைப்பையின் கடைப்பகுதியில் ஒரு துண்டு அதோடு தங்கிவிட்டால், அமிலம் அத்துண்டை எட்டுவதேயில்லை. அமிலம் போதவில்லை என்று ‘எண்ணி’ அது காஸ்ட்ரின் என்ற ஹார்மோனை ஓயாமல் சுரக்கும். மீந்த இரைப்பை அதற்குப் பணிந்து அமிலத்தைக் கொட்டும். ஒரு விரற்கடைத் தசை போதும், முழு அறுவையும் வீண்.

1943இல் சிகாகோவின் டிராக்ஸ்டெட் அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பையே வெட்டினார். 1955இல் சோலிங்கரும் எலிசனும், எத்தனை வெட்டினாலும் புண் திரும்பிய இரு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். குற்றவாளி இரைப்பையிலேயே இல்லை, கணையக் கட்டியில் இருந்தது.

இதையெல்லாம் கத்தியின் ஆணவம் என்று எழுதிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜப்பானிய நாவலாசிரியர் நாட்சுமே சோசெகி 1916 டிசம்பரில் கடைசி நாவலை முடிக்காமலே, 49 வயதில் வயிற்றுப்புண் இரத்தப்போக்கால் இறந்தார். வெட்டாமல் விட்டாலும் மரணம் இருந்தது. பெரும்பாலான புண்களுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் சொன்னது 1980களில்தான். நோபல் பரிசு 2005இல்.

தமிழ்நாட்டில் 1970, 80களில் வேகஸை வெட்டிக் குடலை இணைப்பது அன்றாட அறுவை. அன்று இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று மூட்டுவலி மாத்திரையும் ஆஸ்பிரினும் விழுங்கும் முதியவர்கள். அவர்களில் ஒருவர் இரத்த வாந்தியோடு வரும்போது காரணம் இணைப்புப் புண்ணாக இருக்கலாம். மீந்த இரைப்பையில் பல்லாண்டு கழித்து வரும் புற்றாகவும் இருக்கலாம். எண்டோஸ்கோப்பி செய்பவர் இணைப்பைத் தாண்டியதும் இரு பாதைகளைக் காண்பார், இரண்டிலும் நுழைந்து பார்க்கவேண்டும். என்ன அறுவை நடந்தது என்று சொல்லும் சீட்டு பெரும்பாலும் தொலைந்திருக்கும். வயிற்றின் நடுவே நீளும் தழும்பு அதைச் சொல்லாது.